பழகிய சுகத்தை விட்டு வெளியே வருவது எப்படி: முதல்முறை முயல்பவர்களுக்கு

ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் நேராக அதோடு சண்டைக்குப் போகிறார்கள். நாளையிலிருந்து ராத்திரி படுக்கையில் போனைத் தொட மாட்டேன், நாளையிலிருந்து எந்த வேலையையும் கடைசி நாள் வரை தள்ள மாட்டேன், நாளையிலிருந்து யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்ட மாட்டேன். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும். ஐந்தாம் நாள் உடம்பு அசதியாக இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும், பழக்கம் சத்தமில்லாமல் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் 'எனக்கு மன உறுதி கிடையாது' என்று தனக்குத்தானே ஒரு பட்டம் கொடுத்துக்கொள்வார்கள், அந்தப் பட்டம் அடுத்த முயற்சியையும் சேர்த்துக் கெடுக்கும்.

மன உறுதி போதவில்லை என்ற விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழக்கம் எதுவும் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நாள் முழுக்க ஓடியபின் யாரும் எதையும் கேட்காத அரை மணி நேரம், தெரியாத வேலையைத் தொடும் பயத்திலிருந்து கொஞ்ச நேர விடுதலை, நாலு பேர் இருக்கும் இடத்தில் கைக்கு ஒரு பிடிமானம், இப்படி ஏதோ ஒன்றை அது உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை இனிமேல் எங்கிருந்து பெறுவது என்று ஏற்பாடு செய்யாமல் பழக்கத்தை மட்டும் விரட்டினால் அது திரும்பி வரத்தான் செய்யும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த ஏற்பாட்டைப் பற்றியவைதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை

தினமும் நிறையக் குடிப்பவர்கள், நீண்ட நாளாகத் தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ எடுப்பவர்கள், திடீரென்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் அளவில், அவர் கண்காணிப்பில் குறைக்க வேண்டும். புகையை விடுபவர்களுக்கு அந்த மாதிரி ஆபத்து இல்லை என்றாலும் நிக்கோடின் இல்லாத முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடினம், எரிச்சலும் தூக்கக் கேடும் சில வாரம் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது. அதற்கென்று மருந்துகளும் ஆலோசனையும் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை. காபியை ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கு ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், அதிகபட்சம் ஒன்பது நாள் போல் இருந்துவிட்டு அடங்கும். அது நோய் இல்லை, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இனி சொல்வதெல்லாம் உடம்பைப் பிடித்திருக்கும் பொருள்களைப் பற்றி இல்லை. அன்றாட நடத்தையில் படிந்துபோன பழக்கங்களைப் பற்றி.

படி 1: ஒன்றே ஒன்று

மாற வேண்டும் என்ற ஆசை வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றத்தான் தோன்றும். சீக்கிரம் எழுந்திருப்பது, உடற்பயிற்சி, வாசிப்பு, போனைக் குறைப்பது, கணக்கெழுதுவது என்று ஒரே நாளில் பட்டியல் போடுபவர்களை எல்லாருக்கும் தெரியும். வேண்டாம். ஒன்றை எடுங்கள். அதையும் கண்ணுக்குத் தெரியும் செயலாக எழுதுங்கள். 'சோம்பலை விடப்போகிறேன்' என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் சோம்பல் எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'வேலையிலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் சோபாவில் சாய்ந்து இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறேன்' என்று எழுதினால் அதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, முதல் அசைவு இருக்கிறது. பிடிக்க ஏதோ கிடைக்கிறது.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் மிக மோசமானதை எடுக்காதீர்கள். தினமும் நடப்பதை எடுங்கள். மாதம் ஒருமுறை வரும் பழக்கத்தில் பயிற்சி செய்ய வாய்ப்பே குறைவு.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து குதிக்காதீர்கள், இங்கேதான் பாதி வேலை முடிகிறது.

ஒரு சின்ன நோட்டு, இல்லையென்றால் போனிலேயே ஒரு குறிப்பு. பழக்கம் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: என்ன நேரம், எந்த இடம், கூட யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மனநிலை எப்படி இருந்தது. நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். 'ராத்திரி 10:40, படுக்கை, தனியாக, அலுவலக மெசேஜ் ஒன்று வந்திருந்தது, எரிச்சல்' என்ற அளவுக்கு இருந்தால் போதும்.

ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், பழக்கம் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை மணிக்கொரு முறை தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று குறிக்கச் சொன்னார்கள். செயல்களில் சுமார் 43 சதவீதம் கிட்டத்தட்ட தினமும், அதே சூழலில், பெரும்பாலும் மனம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதே நடந்தவை. நினைவே இல்லாமல் நடப்பதை நினைவிலிருந்து எடுத்து அலசப் போனால் நாமே கற்பனையாக ஒரு காரணத்தைச் செய்துகொள்வோம்.

அதே வுட்டும் அவர் குழுவும் 2011இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்கு அப்போது பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்தார்கள். தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், பழையது நன்றாக இல்லை என்று தெரிந்தும், புதியதைத் தின்ற அளவுக்கே அதையும் தின்றார்கள். அதே மாதிரி ஆட்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்து வீடியோ காட்டியபோது பழையதைக் குறைவாகத்தான் தொட்டார்கள். தியேட்டரிலேயே, வழக்கமாகச் சாப்பிடாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் குறைந்துபோனது. ருசி இல்லை, பசி இல்லை, ஆனாலும் இருட்டும் இருக்கையும் திரையும் கையை ஓட்டின. நம்முடைய பழைய பழக்கங்களில் எத்தனை இப்படிச் சுவை போனபின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வாரம் முடிந்ததும் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு அது நேரம். சிலருக்கு ஒரு குறிப்பிட்ட நாற்காலி. சிலருக்கு ஒரு ஆள். நிறையப் பேருக்கு, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே வரும் சின்ன இடைவெளி. அதுதான் தூண்டுதல். அதை வட்டம் போட்டு வையுங்கள்.

படி 3: அது கொடுப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது கொஞ்சம் சங்கடமான வேலை. விட நினைக்கும் பழக்கத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும்.

ராத்திரி போன் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது, சரி. ஆனால் நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுபவருக்கு 'இது என் நேரம்' என்று உணர வைப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தானோ என்னவோ. வேலையைத் தள்ளிப்போடுவது கெட்டது, சரி. ஆனால் தொடங்காத வரைக்கும் அது மோசமாக வந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது இல்லையா? எல்லாருக்கும் சரி சொல்வது உங்களைக் களைப்பாக்குகிறது, ஆனால் யாரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறது. புது மென்பொருளைத் தொடாமல் பழைய முறையிலேயே கணக்குப் போடும் மூத்த ஊழியரிடம் அவருடைய வேகத்தைப் பற்றிப் பேசி எந்தப் பலனும் இல்லை. பழைய முறையில் அவர் அறையிலேயே கெட்டிக்காரர், புதியதில் அவர் நேற்று சேர்ந்தவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டும். அவர் பாதுகாத்துக்கொள்வது மரியாதையை. அதற்கு வழி செய்யாமல் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் அவர் அசைய மாட்டார்.

இழப்பு என்பது நமக்குக் கூடுதலாகவே வலிக்கும். ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். பின்னால் வந்த அவர்களுடைய கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாற்றத்தில் கிடைக்கப்போவது தூரத்தில் மங்கலாக இருக்கிறது, போகப்போவது கையிலேயே இருக்கிறது. அதனால் தயக்கம் வருவது இயல்பு, அதை வைத்து உங்களைக் கோழை என்று நினைக்காதீர்கள். எதை இழக்கிறீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் பாதி பயம் அளவுக்கு வந்துவிடும்.

ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: 'இந்தப் பழக்கம் எனக்கு ____ கொடுக்கிறது.' கோடிட்ட இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுத வந்தால், இன்னும் சில நாள் கவனித்துவிட்டு வாருங்கள்.

படி 4: அந்த இடத்துக்கு வேறொன்று

'செய்ய மாட்டேன்' என்பது திட்டமே இல்லை. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காமல் இருங்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இப்போது நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அந்தக் கரடி அதிகமாக வந்தது. நாள் முழுக்க 'போனை எடுக்கக் கூடாது' என்று ஓட்டிக்கொண்டிருப்பவர் மனதில் நாள் முழுக்க இருப்பது போன்தான்.

ஆகவே மாற்று வேண்டும். அது மூன்று விஷயத்தில் பழையதோடு பொருந்த வேண்டும்: அதே நேரத்தில், அதே இடைவெளியில் செய்ய முடிய வேண்டும். படி 3இல் எழுதியதை ஓரளவாவது கொடுக்க வேண்டும். தொடங்குவதற்குப் பழையதைவிடக் கஷ்டமாக இருக்கக் கூடாது. மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். களைத்துப்போய் ராத்திரி பத்து மணிக்குச் சாய்பவரிடம் போனுக்குப் பதில் தியானம் செய்யுங்கள் என்றால் எப்படி முடியும்? அவருக்குத் தேவை தனக்கே தனக்கான கொஞ்ச நேரம். பிடித்த பாட்டை அறையின் மறுமூலையில் இருக்கும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம், லேசான கதைப் புத்தகம் ஒன்றில் நாலு பக்கம் படிக்கலாம். உயர்ந்த காரியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கையும் வாயும் சம்பந்தப்பட்ட பழக்கங்களுக்கு, நகம் கடிப்பது, முடியைப் பிடித்து இழுப்பது மாதிரியானவற்றுக்கு, இதே யோசனை சிகிச்சையாகவே இருக்கிறது. நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973இல் அறிமுகப்படுத்தியது. கை வாய்ப்பக்கம் போவதை உணர்ந்ததும், அதைச் செய்யவே முடியாதபடி வேறொரு செயலில் கையை வைப்பது, உதாரணமாக விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உந்துதல் தணியும் வரை இருப்பது. வெளியே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

மாற்றைக் கண்டுபிடித்ததும் அதை 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் எழுதுங்கள். 'படுக்கையில் உட்கார்ந்ததும் போனை மேஜையில் வைத்துவிட்டுப் பாட்டுப் போடுவேன்.' 'யாராவது உதவி கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்பேன்.' இந்தச் சின்ன வாக்கியத்துக்கு இருக்கும் பலம் ஆச்சரியமானது. பிரிட்டனில் மாணவர்களை வைத்து 2002இல் வெளிவந்த ஒரு ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளைப் படித்தவர்களில் 35 சதவீதம் பேர்தான் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள், அதைப் படிக்காதவர்களிலோ 38 சதவீதம். அதாவது ஊக்கப் பேச்சால் ஒன்றும் நடக்கவில்லை. அதோடு எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். உத்வேகம் தேடி வீடியோ வீடியோவாகப் பார்ப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: உத்வேகம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, நேரமும் இடமும்தான் இன்னும் முடிவாகவில்லை.

படி 5: பொருளை நகர்த்துங்கள், இடத்தை மாற்றுங்கள்

மேலே சொன்ன பாப்கார்ன் சங்கதிதான் இதற்கு அடிப்படை. சூழல் கையை ஓட்டுகிறது என்றால், சூழலை மாற்றுவதுதான் குறுக்கு வழி.

பழையதைச் செய்ய இன்னும் இரண்டு மூன்று அசைவு கூடுதலாகத் தேவைப்படும்படி வையுங்கள். போன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே. அலாரத்துக்கு என்று தனிக் கடிகாரம், இல்லாவிட்டால் அலாரத்தைச் சாக்காக வைத்துப் போன் உள்ளே வந்துவிடும். நேரத்தைத் தின்னும் செயலியை நீக்கிவிட்டு, வேண்டுமென்றால் பிரவுசரில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் போட்டு நுழையும்படி. புதியதற்கு நேர்மாறாக எல்லாத் தடையையும் எடுத்துவிடுங்கள்: காலையில் நடக்கப் போக வேண்டுமென்றால் உடையும் ஷூவும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, எழுத வேண்டுமென்றால் நோட்டு திறந்தபடி, பேனா அதன் மேலேயே. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். செய்து பாருங்கள்.

இடம் முழுக்க மாறினால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாகச் சொன்னார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், அப்படி அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று கண்டார். போர், கூட இருந்த ஆட்கள், எளிதாகக் கிடைத்த பொருள், எல்லாமே பின்னால் தங்கிவிட்டன. போதையிலிருந்து வெளிவரும் எல்லாருக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வீட்டைச் சுற்றியே போதைப் பழக்கம் உருவானவர்களுக்கு நிலைமை வேறு. ஆனால் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழி எப்போதும் உண்மை இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வீடு மாறுவது, வேலை மாறுவது, குழந்தை பிறப்பது, பணி ஓய்வு, இதெல்லாம் பழைய தூண்டுதல்கள் கலைந்துபோகும் காலம். புது இடத்துக்குப் போன முதல் சில வாரத்தில் எதை எங்கே வைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எதைச் செய்கிறீர்கள் என்பது அப்படியே உறைந்துவிடும். உங்களுக்கு அப்படி ஒரு மாற்றம் வரப்போகிறதென்றால் புதியதை அந்த நாளில் தொடங்குங்கள்.

படி 6: கூட இருப்பவர்களிடம் சொல்வது

ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். தினமும் பார்க்கும் ஒன்றிரண்டு பேரிடம் சொன்னால் போதும். 'நான் இதை விடுகிறேன், பாராட்டு' என்று சொல்லாமல், அவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் குறிப்பாகக் கேளுங்கள்: 'ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எனக்கு மெசேஜ் அனுப்பாதே, அவசரம் என்றால் போன் பண்ணு.' சிலர் கேலி செய்வார்கள், சிலருக்கு உங்கள் மாற்றம் உள்ளுக்குள் உறுத்தும், ஏனென்றால் அதே பழக்கம் அவர்களிடமும் இருக்கும், நீங்கள் அவர்களுக்குத் துணையாக இருந்தீர்கள். இந்த உறவை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் நிஜமான கஷ்டம். அவர்களை விட வேண்டியதில்லை. சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றலாம், வேறு ஏதாவது செய்துகொண்டு சந்திக்கலாம். கொஞ்ச நாள் பேச்சு மந்தமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். இதன் வேர், ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு கவனிப்பு. முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது 21 நாள் போல் ஆகிறது என்றார் அவர். பழக்கத்தை விடுவதைப் பற்றிய கணக்கே இல்லை அது, 'குறைந்தது' என்ற சொல்லும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள், கிடைத்த போக்கை வைத்துக் கணித்தவை). ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிகம் ஆனது. ஆகவே மூன்றாம் வாரம் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்குத் திட்டம் போடுங்கள்.

அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் உற்சாகத்தில் போகும். அப்புறம் ஒரு வெறுமை வரும். பழையதன் சுகம் இல்லை, புதியதன் பலனும் இன்னும் வரவில்லை, நடுவில் நிற்பது மாதிரி இருக்கும். திறமை சம்பந்தப்பட்ட மாற்றத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விசைப்பலகையைப் பார்த்துப் பார்த்து இரண்டு விரலில் தட்டியவர், பார்க்காமல் பத்து விரலில் அடிக்கத் தொடங்கினால் முதலில் வேகம் தாறுமாறாக விழும், ஒரு சின்னக் கடிதத்துக்கே பொறுமை போய்விடும். அந்த நேரத்தில் அவசர வேலை வந்தால் பழைய இரண்டு விரலுக்கே ஓடிவிடுவோம். இதற்குச் செய்ய வேண்டியது: நெருக்கடி இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். தப்பினாலும் பரவாயில்லை என்ற வேலைகளில் முதலில் புதியதைப் பயன்படுத்துங்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம் அதற்கு என்று ஒதுக்கி, அந்த நேரத்துக்குள் பழைய முறைக்குப் போகாமல் இருங்கள், மற்ற நேரத்தில் எப்படிச் செய்தாலும் சரி என்று விட்டுவிடுங்கள். ஒதுக்கிய நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போகலாம்.

இந்த வெறுமைக் காலத்தில் பழையதை நினைத்து ஏக்கம் வந்தால் அதை அடக்காதீர்கள். நெடுநாள் உங்களோடு இருந்தது, போகும்போது வருத்தம் இருக்கத்தான் செய்யும். 'அது நன்றாகத்தான் இருந்தது' என்று ஒப்புக்கொண்டே அதைச் செய்யாமல் இருக்க முடியும். பழையதைக் கேவலமாகப் பேசினால்தான் விட முடியும் என்பது இல்லை, பல நேரம் அந்த வெறுப்பே நம்மை அதைச் சுற்றிச் சுற்றி வரவைக்கிறது.

படி 8: தவறிய நாள்

தவறும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் விட்டுப்போனது மொத்தப் போக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கெடுப்பது ஒரு நாள் தவறுவது இல்லை, அதற்குப் பின் நாம் சொல்லிக்கொள்வது: 'அதான் போச்சே, இனி என்ன.' ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் குடியிலிருந்து மீள்பவர்களிடம் இதைத்தான் விரிவாகப் பார்த்தார். சின்ன வழுக்கலைத் தன் குணத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்பவர்களுக்கு அது முழுச் சரிவாக மாறுகிறது, அன்றைய சூழலில் என்ன இருந்தது என்று பார்ப்பவர்கள் எழுந்து நடக்கிறார்கள்.

ஆகவே தவறிய அன்றே நோட்டை எடுத்து படி 2இன் அதே ஐந்து விஷயத்தை எழுதுங்கள். பெரும்பாலும் நீங்கள் கணக்கில் எடுக்காத ஒரு தூண்டுதல் தெரியும்: பயணம், காய்ச்சல், விருந்தாளி, ஒரு சண்டை. அதற்கும் ஒரு 'இது நடந்தால், இதைச் செய்வேன்' எழுதிச் சேர்த்துவிடுங்கள். அடுத்த நாள் வழக்கம்போல் தொடருங்கள், விட்டதற்கு ஈடுகட்ட இரண்டு மடங்கு செய்யப் போகாதீர்கள்.

பல மாதம் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, பழைய வீட்டுக்கோ பழைய நண்பர் கூட்டத்துக்கோ போன அன்று பழக்கம் முழு வேகத்தில் திரும்பும். பயந்துவிடாதீர்கள். கற்றது அழிவதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்று படிகிறது, பழைய சூழலுக்குத் திரும்பினால் பழையது தலைகாட்டும் என்று மார்க் பூட்டன் போன்றவர்கள் விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி இடத்துக்குப் போகும் முன் அங்கே என்ன செய்வீர்கள் என்பதை ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள்.

நீங்கள் கேட்காமலே மாற்றம் வந்தால்

இதுவரை சொன்னது நாமாக விரும்பி மாறுவது. அலுவலகம் முறையை மாற்றிவிட்டது, பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், உடம்பு முன்போல் ஒத்துழைக்கவில்லை என்று வெளியிலிருந்து வரும் மாற்றத்தில் கோபம் முதலில் வரும். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள், ஆனால் முடிவுகளைக் கோபத்தில் எடுக்காதீர்கள்.

இரண்டு நிகழ்வுகள் எனக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை கொடுப்பவை. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து சில நிலையங்கள் மூடப்பட்டபோது, மக்கள் வேறு வழியில் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பயண அட்டைப் பதிவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் புதிய வழியிலேயே தொடர்ந்ததைக் கண்டார்கள். தினமும் போன பாதையைவிட நல்ல பாதை பக்கத்திலேயே இருந்திருக்கிறது, கட்டாயம் வந்த பிறகுதான் தெரிந்தது. மீதி 95 சதவீதம் பேர் பழையதற்கே திரும்பியதும் தவறு இல்லை, பலருக்குப் பழையதே நல்லதாக இருந்திருக்கும்.

இன்னொன்று ஸ்வீடன். சாலையின் இடப்பக்கம் ஓட்டிய நாடு, வலப்பக்கத்துக்கு மாறலாமா என்று 1955இல் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு நாடு முழுக்க மாறியது. பெரும் விபத்துகள் நடக்கும் என்று பயந்தார்கள். விபத்துகள் குறைந்தன, ஏனென்றால் எல்லாரும் அவ்வளவு கவனமாக ஓட்டினார்கள். பழகப் பழக அந்தக் கவனம் தளர்ந்து, இரண்டு வருடத்தில் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பியது. புதிது என்பதாலேயே நமக்குக் கிடைக்கும் இந்தக் கூர்மை கொஞ்ச காலம்தான் இருக்கும். திணிக்கப்பட்ட மாற்றத்தின் முதல் வாரங்களைப் புலம்பிக் கழிக்காமல், எது சரியாக வருகிறது, எது வரவில்லை என்று நோட்டில் குறித்து வைத்தால், பின்னால் எதைத் தக்கவைப்பது எதை மாற்றச் சொல்லிக் கேட்பது என்று பேசும்போது உங்கள் கையில் விவரம் இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்வதற்கும் அதே விவரம்தான் உதவும்.

மாறுவதற்காக மாற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படி 3இன் வாக்கியத்தை எழுதிப் பார்த்தபின், இந்தப் பழக்கம் கொடுப்பது பெரிது, அது எடுத்துக்கொள்வது சிறிது என்று தெரிந்தால், அதை நிம்மதியாக வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். தினமும் அதே மூலையில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்பவரை எந்த வழிகாட்டியும் எழுப்பிவிட வேண்டியதில்லை.

இரண்டாவது பழக்கத்தை எப்போது எடுப்பது என்று கேட்டால், முதலாவதுக்கு எழுதிய 'இது நடந்தால், இதைச் செய்வேன்' வாக்கியம் உங்களுக்கு ஞாபகமே வராமல் அந்தச் செயல் தானாக நடந்து, இரண்டு வாரம் கடந்தபின். அப்போதும் நேராகப் படி 4க்குத் தாவாமல், புதிய பக்கத்தில் ஒரு வாரம் எழுதுங்கள்.